கஞ்சி ஆறிப்போன வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

ஆண்டவர் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டுத்தான் எதையும் எழுதத் தொடங்குவது நம் வீட்டு வழக்கம். கரண்ட் பில் கட்டச் சொல்லி எழுதி வைக்கும் துண்டுச் சீட்டில்கூட உன் அம்மா மேலே 'ஸ்தோத்திரம்' என்று போடுவாள். இந்தக் கடிதத்தை மட்டும் அப்படித் தொடங்க எனக்குக் கை வரவில்லை. ஏன் என்பது படிக்கப் படிக்க உனக்கே தெரியும். அயனம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு கடிதமா என்று நீ சிரிப்பாய். திருவேற்காட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ மாறினால் முக்கால் மணி நேரத்தில் உன் வீட்டு வாசலில் நிற்கலாம்தான். இந்த வாரம் இரண்டு முறை வந்து நிற்கவும் செய்தேன். முதல் முறை உன் மனைவி கொடுத்த கேசரியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை உங்கள் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டுத் திரும்பினேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. நேரில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நீ என் தோளைத் தொட்டுச் சொன்னாய். "டாடி, வர்ற மாசம் காத்திருப்புக் கூட்டத்துல ஜெனிய உக்கார வைக்கப் போறோம். ஒம்பது வயசாயிடுச்சி. நீங்க அவ பக்கத்துல உக்காருங்க. எனக்கு உக்காந்தீங்களே, அதே மாதிரி." சொல்லும்போது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் தலையை மட்டும் ஆட்டினேன். அன்று மதியம் சாப்பிட்ட பிறகு உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் எல்லாரும் கண்ணயர்ந்த நேரம். காத்திருப்புக் கூட்டத்தில் பரிசுத்த ஆவி இறங்கினால் தானாக வாயில் வரவேண்டிய அந்நிய பாஷையை, ஒரு வாரமாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பழகுவதாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "தாத்தா, எனக்கு மட்டும் வரலன்னா ஜீசஸுக்கு என்னப் புடிக்கலன்னு அர்த்தமா?" நான் என்ன செய்தேன் தெரியுமா? மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று தேடத் தொடங்கினேன். கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள். அந்தக் குழந்தைக்குச் சொல்லாமல் விட்ட பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டுதான் இந்தச் சபைக்கு வந்தேன் என்பது உனக்குத் தெரியும். அதற்கு முன் நான் வளர்ந்தது, நேரம் தவறாமல் மணி அடித்து, எழுந்து நின்று பாடி, உட்கார்ந்து பிரசங்கம் கேட்டு, சத்தம் இல்லாமல் வீடு திரும்பும் தேவாலயத்தில். கை தட்டினால்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். உன் அம்மாவின் சபையோ அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகை. உள்ளே நுழைந்த முதல் நாள் சத்தத்தில் நான் பயந்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர்களுக்குள் ஒரு பாசம் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வந்து உட்காருவார்கள். ஒருவர் வீட்டில் காய்ச்சல் என்றால் நான்கு வீட்டிலிருந்து ரசம் போகும். அவர்கள் என்னைத் தள்ளவில்லை. ஆனால் பாஷை வராத, அபிஷேகம் பெறாத மாப்பிள்ளை என்று ஒரு சின்னக் குறை அவர்கள் பார்வையில் இருந்துகொண்டே இருந்தது. எனக்காக ஜெபிக்கும்போது அதைப் பெயர் சொல்லியே கேட்பார்கள். 'பிரதரையும் நிரப்பும் ஆண்டவரே' என்று வாராவாரம் கேட்டால், காலிப் பாத்திரம் என்று நமக்கே தோன்றிவிடும்.

நீ உன் அம்மா வயிற்றில் ஆறு மாதம். மூன்று வெள்ளிக்கிழமை உபவாசக் காத்திருப்புக் கூட்டம் வைத்தார்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும். முடிந்ததும் வெளியே அண்டாவில் காய்ச்சிய அரிசிக் கஞ்சியும் பருப்புத் துவையலும். மூன்றாவது வெள்ளிக்கிழமை பாயில் அபிஷேகம் பெற்றுக்கொள்ளக் காத்திருந்தவர்கள் ஏழு பேர். பன்னிரண்டு மணிக்குள் நான்கு பேர் பாஷை பேசிவிட்டார்கள். ஒரு மணிக்கு இன்னும் இரண்டு பேர். மிச்சம் நான் ஒருவன். அப்போதைய பாஸ்டர் ஐயா நல்ல மனிதர், ஆனால் பிடிவாதக்காரர். "கடைசி ஆத்துமாவும் நிரம்பாம இன்னிக்கு உபவாசம் முடிக்கறதில்ல" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மொத்தச் சபையும் எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்றது. தலையில் ஆறு கை, முதுகில் நான்கு கை. இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. கஞ்சி வாசனை உள்ளே வருகிறது. என் காதருகில் ராஜாத்தி சிஸ்டர். எஸ்டேட் வாசலில் இட்லிக் கடை வைத்திருந்தார்களே, அந்த அம்மாதான். "பிரதரு, வாயத் தொறங்க. வந்துகினு கீது, நீங்கதான் அடைச்சி வச்சிகினு கீறீங்க. தொறங்க, அவரு ரொப்புவாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. மூன்று மணிக்கு என் தலையில் இருந்த அவர்கள் கை நடுங்க ஆரம்பித்தது. பரிசுத்த ஆவியால் நடுங்குகிறது என்று மற்றவர்கள் சத்தத்தைக் கூட்டினார்கள். எனக்கு மட்டும் அது பசி நடுக்கம் என்று தெரிந்தது. உள்ளங்கை சில்லென்று வியர்த்திருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். ஓரத்தில் நாற்காலியில் உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இந்த அம்மா இங்கே விழுந்து செத்தால் அது என் கணக்கில் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். மூன்று வாரமாகப் பக்கத்துப் பாய்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு மனதில் தங்கியிருந்த சத்தங்களை ஒட்டவைத்து ஒரு பாஷை பேசினேன். அது எப்படி இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் சிரித்துவிடுவாய், பிறகு சிரித்ததற்காக வருத்தப்படுவாய். கொட்டகையே அல்லேலூயா என்று எழும்பியது. பாஸ்டர் ஐயா என்னைக் கட்டிப்பிடித்தார். ராஜாத்தி சிஸ்டர் முதல் வாய்க் கஞ்சியைக் குடித்துவிட்டு, "உங்களால கஞ்சி ஆறிப்போச்சி பிரதரு. பரவால்ல, இன்னிக்குப் பரலோகத்துல சந்தோஷம்" என்றார்கள். எனக்குத் தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன். இரண்டு டம்ளர் குடித்தேன். பசி அப்படி.

ஒரு தடவை சொன்ன பொய்யோடு அது நின்றிருந்தால் நான் இன்று உனக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் பேசும்போது என்னையும் பார்த்தார்கள். பேசினேன். அதற்கடுத்த ஞாயிறும் பேசினேன். ஒரு வருடத்தில் அது பழக்கமாகிவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை. திருமழிசையில் நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். காலையிலிருந்து மாலை வரை ஒவ்வொரு உருப்படியையும் அளவு பார்க்கும் கேஜில் விட்டுப் பார்ப்பேன். பொருந்தினால் இந்தப் பெட்டி, பொருந்தாவிட்டால் சிவப்புப் பெட்டி. தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் தள்ளிவிடுவேன், சூப்பர்வைசர் கெஞ்சினாலும் விடமாட்டேன். வாரத்தில் ஆறு நாள் அவ்வளவு கறாராக இருந்துவிட்டு, ஏழாம் நாள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். படிப்பது வேதம், இடிப்பது கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு மிகவும் கஷ்டமான பகுதி. உனக்குப் பதிமூன்று வயது. மே மாத விடுமுறையில் வாலிபர்களுக்கு நான்கு நாள் காத்திருப்புக் கூட்டம். கொட்டகைக்குள் அனல். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள நீ மூன்று நாள் முழங்காலில் நின்றாய். மூன்றாவது நாள் உன் சிநேகிதன் பெற்றுக்கொண்டான். அன்று சாயங்காலம் நீ சாப்பிடவில்லை. உன்னை ஏரிக்கரைக்கு அழைத்துக்கொண்டு போனேன். வறண்ட ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நீ அவர்களைப் பார்க்கவில்லை. "டாடி, என்கிட்ட மட்டும் எதுனா பாவம் கீதா? நேத்து ஃபுல்லா யோசிச்சேன். ஒரு தபா அம்மா பர்ஸ்லருந்து ரெண்டு ரூபா எடுத்தேன். அதுவா இருக்குமா?" என்று கேட்டாய். அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என்னிடமும் இல்லை மகனே, நானும் காலிப் பாத்திரம்தான், ரெண்டு பேரும் சேர்ந்து காத்திருப்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அன்று உன் மனதிலிருந்த பாரம் இறங்கியிருக்கும். நான் என் மானத்தைப் பார்த்தேன். "நாளைக்குக் கெடைக்கும். என் பக்கத்துலயே உக்காரு. நான் பேசும்போது நீயும் வாயத் தொற" என்றேன்.

மறுநாள் நீ வாயைத் திறந்தாய். என் பாஷை வந்தது, மகனே. என் வாயிலிருந்து நீ வாரம் தவறாமல் கேட்டு வளர்ந்த அதே சத்தங்கள், அதே வரிசையில். நான் மூச்சு வாங்குவதற்காக இழுக்கும் அந்த மூன்றாவது இடத்தில் நீயும் இழுத்தாய். சபை கை தட்டியது. நீ அழுதுகொண்டே சிரித்தாய். நானும் தரையில் விழுந்து அழுதேன். தகப்பனின் ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிள்ளை அப்பம் கேட்டபோது கள்ள நோட்டைக் கையில் வைத்து அனுப்பிய தகப்பன் நான். வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் உன் தலையில் கை வைத்து, 'இந்தப் பிள்ளை ஜாதிகளுக்கு முன்பாக நிற்பான்' என்று, பல தேசத்து மக்களுக்கு ஊழியம் செய்வான் என்ற பொருளில், தீர்க்கதரிசனமும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை உன் கழுத்தில் தொங்கியதை நான் இத்தனை வருடமும் பார்த்தேன். கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்தபோது ஊழியத்துக்குப் போகவில்லையே என்று குற்றவாளி மாதிரி நின்றாய். இப்போதும் புது வருட ஆராதனையில் யாராவது அதை ஞாபகப்படுத்தினால் உன் முகம் வாடுகிறது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஐந்து தேசத்துக்காரர்களிடம் தினமும் திட்டு வாங்குகிறாயே, அதுவே ஜாதிகளுக்கு முன்பாக நிற்பதுதான் என்று உன் அம்மா சொல்வாள். விளையாட்டுக்குச் சொன்னாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. அந்தத் தீர்க்கதரிசனம் உனக்குப் பாரமாக இருந்தால் இறக்கி வைத்துவிடு. அது என் பொய்யின் மேல் கட்டியது.

போன ஞாயிறு சாயங்காலம் முதல் முறையாக உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அன்னிக்கே தெரியுங்க. ராஜாத்தி அக்காவுக்கு மயக்கம் வருதுன்னு பேசிட்டீங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்றேன். "நீங்களா சொல்வீங்கன்னு காத்துகினு இருந்தேன். அதுக்கு முப்பத்தஞ்சு வருஷம் ஆவும்னு நெனைக்கல." இன்னும் இரண்டு தண்டை ஆய்ந்து போட்டுவிட்டு, "புள்ளைக்கும் அதத்தான் குடுத்தீங்கன்னு மட்டும் எனக்குத் தெரியாது. அத அவன்கிட்ட சொல்லிடுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்" என்றாள். அப்போது அவள் அழுதாள். என் மேல் கோபமும் பட்டாள். இரண்டு நாள் காப்பியை டங்கென்று வைத்தாள். அது எனக்கு வேண்டியதுதான்.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் இத்தனை வருடம் நான் நின்ற தரையே பொய்யா என்று நீ கேட்பாய். அந்தப் பயத்தில்தான் நான் இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் அடுத்ததை நிதானமாகப் படி. ஆறு வருடத்துக்கு முன் உன் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. கட்டி எப்படிப்பட்டதோ, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். மதியம் மூன்று மணி இருக்கும். கேண்டீனிலிருந்து இரண்டு டீ வாங்கிக்கொண்டு படியேறி வந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில், ஜன்னலோரப் படியில் நீ தனியாக உட்கார்ந்திருந்தாய். நெற்றியைச் சுவரில் வைத்திருந்தாய். மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாய். யாரும் கையைத் தலையில் வைக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான் நாலு படி கீழேயே நின்றுவிட்டேன். பாம்பின் கால் பாம்பறியும். என் சரக்கு எது என்று எனக்குத் தெரியாதா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அதில் ஒரு சத்தம்கூட என்னுடையது இல்லை. நான் இழுக்கும் இடத்தில் நீ இழுக்கவில்லை. உன் அம்மா அரிசி களையும்போது பாஷையில் முணுமுணுப்பாளே, அது போலவும் இல்லை. அது உன்னுடையது. உனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. இடையில் நிறுத்திவிட்டு நம் பச்சைத் தமிழில், "அம்மாவ வுட்ருங்க ஆண்டவரே" என்றும் சொன்னாய். நீ திரும்பிப் பார்த்தபோது என் கையில் டீ ஆறிப்போயிருந்தது. "ஏன் டாடி நின்னுகினே கீறீங்க?" என்றாய். கால் வலிக்கிறது என்றேன்.

ஆகவே நான் உனக்குச் சாட்சி சொல்கிறேன். பதிமூன்று வயதில் உன் வாயில் இருந்தது நான் கொடுத்தது. அந்தப் படியில் உன் வாயில் இருந்தது நான் கொடுத்ததல்ல. என் பொய்யைத் தாண்டி ஆண்டவர் உன்னிடம் வந்துவிட்டார். எப்படி வந்தார் என்று எனக்குத் தெரியாது. பாஷை எல்லாமே வேஷம் என்று நான் சொல்ல வரவில்லை. உன் அம்மாவோடு இத்தனை வருடம் வாழ்ந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். அவள் முணுமுணுக்கும்போது சமையலறை வாசலில் செருப்போடு நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அது அவளுக்கு வந்தது யாரும் அவளைச் சுற்றி நின்றதால் அல்ல. வராதவர்கள் அத்தனை பேரையும் அவர் ஒதுக்கிவிட்டார் என்பதும் உண்மையல்ல. அது எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? எனக்கு இன்றைக்கும் வரவில்லை. உண்மையாகவே கேட்டும் வரவில்லை.

ஜெனியைக் கூட்டத்துக்கு அழைத்து வராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் உன் மகள். அழைத்து வா, பாயில் உட்காரட்டும், பாடட்டும். யாரும் அவள் தலையில் கை வைத்து 'வாயைத் திற' என்று சொல்லாமல் மட்டும் பார்த்துக்கொள். சொன்னால் நீ தகப்பனாக எழுந்து நில், உன் பதிமூன்று வயதில் நான் உனக்காக எழாதது போல் இருந்துவிடாதே. இன்னொன்று, பாஸ்டரிடம் பேசி, யாருக்கு வந்தாலும் வராவிட்டாலும் கஞ்சியை இரண்டு மணிக்கு ஊற்றச் சொல். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே. பசித்த மனிதர்கள் சுற்றி நின்றால் ஒரு குழந்தை எதை வேண்டுமானாலும் பேசிவிடும். இந்தக் கடிதத்தை உன் மனைவிக்கும் காட்டு, சபையில் யாருக்குக் காட்டினாலும் சரி. மூத்த விசுவாசி என்ற நாற்காலியிலிருந்து என்னை இறக்குவார்கள். இறக்கட்டும். இந்த முட்டியோடு எனக்குத் தரையில் உட்காருவதுதான் கஷ்டம், பழகிக்கொள்வேன்.

என் மேல் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. நான் காத்திருப்பேன், அது ஒன்றைத்தான் ஒழுங்காகக் கற்றிருக்கிறேன். ஆனால் கூட்டத்துக்கு முன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. உன் மகள் பக்கத்தில் என்னை உட்கார விடுவாயா? இந்த முறை நான் வாயைத் திறக்க மாட்டேன். எல்லாரும் பேசும்போது அவளுக்குப் பக்கத்தில் ஒரு கிழவன் சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் திரும்பி என்னைப் பார்த்தால், அன்று மதியம் கண்ணாடியைத் தேடித் தப்பித்த பதிலை அவள் காதில் மட்டும் சொல்வேன்: "தாத்தாவுக்கும் வரல, கண்ணு. முப்பத்தஞ்சு வருஷமா வரல. ஆனா ஒரு நாள்கூட அவரு என்ன எழுந்து போன்னு சொல்லல."

ஆண்டவருடைய நாமத்தில் உனக்கு என் வாழ்த்துகள். இப்போது எழுதக் கை வருகிறது.

உன் டாடி